‘வேண்டும்’ என்பதை இந்தியில் சொல்வது எப்படி? – பாடநூல்கள் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

மலர்க் குழு அன்பர்கள் இந்த ஆண்டு மலருக்கு மொழி தொடர்பாக ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். ‘வேண்டும்’ என்று அவர்கள் சொன்ன அந்தச் சொல்லையே தலைப்பாக எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்களுக்குத் தினமும் தேவைப்படுகிற சொல் அது. தண்ணீர் வேண்டும், டிக்கெட் வேண்டும், லீவு வேண்டும், வீடு வாடகைக்கு வேண்டும். பிற மொழி பேசும் ஊரில் முதல் நாளே நம் வாயிலிருந்து வர வேண்டிய சொல் இதுதான். அந்தச் சொல்லை இந்தியில் எப்படிச் சொல்வது என்பதை நம் பாடநூல்கள் சரியாகச் சொல்லித் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

எனக்கு இதைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்கலாம். நான் இந்திப் பண்டிதன் அல்லன். வடக்கே பல ஆண்டுகள் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பின் பூவாருக்குத் திரும்பி, மாலை நேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தி சொல்லிக் கொடுக்கிறவன். தப்பாகக் கற்று, தப்பாகப் பேசி, அதற்கு விலையும் கொடுத்தவன். அந்த அனுபவமே என் தகுதி.

இந்திச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். மைம், ஹூம், நஹீம் என்று சொல்லின் இறுதியில் வரும் ‘ம்’ மூக்கொலி மட்டுமே. உதட்டை மூடி உச்சரிக்க வேண்டாம்.

எங்கள் ஊரின் பேச்சு

பூவார் நெய்யாறு கடலில் கலக்கிற இடம். தெற்கே பொழியூரைத் தாண்டினால் நீரோடி, அது தமிழ்நாடு. கிழக்கே பாறசாலை, அதைத் தாண்டினால் களியக்காவிளை, அதுவும் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாற்றப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. அதனால் எங்களைப் போன்ற குடும்பங்கள் இடம் பெயராமலேயே ‘வெளி மாநிலத் தமிழர்’ ஆகிவிட்டோம்.

எல்லையைக் கோடு போட்டுப் பிரிக்கலாம். பேச்சை அப்படிப் பிரிக்க முடிவதில்லை. கடைக்கு ஒரு பிள்ளை போனால் கடைக்காரர் “மக்களே, என்ன வேணும்?” என்பார். பிள்ளை வீட்டில் “எனக்குத் தண்ணி வேணும்” என்று சொல்லும். பள்ளிக்கூடத்தில் “எனிக்கு வெள்ளம் வேணம்” என்று சொல்லும். இரண்டும் அதற்கு ஒன்றுதான். சொல் கொஞ்சம் மாறுகிறது, வாக்கியத்தின் எலும்பு மாறுவதில்லை. இரண்டிலும் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் ஆள் வருகிறார். தண்ணீர் எழுவாயாக நிற்கிறது. ‘வேண்டும்’ தண்ணீரைப் பற்றிப் பேசுகிறது.

கேரளப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பிலிருந்து இந்தி உண்டு. எனவே எங்கள் பிள்ளைகள் பத்து வயதிலேயே மூன்றாவதாக ஓர் ‘எனக்கு வேண்டும்’ கற்கிறார்கள்: முஜே பானீ சாஹியே. ‘முஜே’ என்றால் எனக்கு. ‘பானீ’ தண்ணீர். ‘சாஹியே’ வேண்டும். சொல்லுக்குச் சொல், இடத்துக்கு இடம் அப்படியே பொருந்துகிறது. இதைவிட எளிதான பாடம் உண்டா?

பாடநூல்களின் முதல் குறை

ஆனால் நூல்கள் இதை இப்படிச் சொல்லித் தருவதில்லை. நான் படித்ததும் பின்னர் பிள்ளைகளுக்காக வாங்கிப் பார்த்ததுமான சிறு நூல்கள் பலவற்றில் பாடம் ஆங்கிலத்தில் தொடங்குகிறது. ‘ஐ வான்ட்’ என்று ஒரு பத்தி. எதிரே ‘மைம் சாஹ்தா ஹூம்’ என்று ஒரு பத்தி. கடைசியில்தான் ‘எனக்கு வேண்டும்’ என்று தமிழ். ஆங்கிலத்தில் ‘ஐ’ எழுவாய். எனவே இந்தியிலும் ‘மைம்’ எழுவாய் என்று கணக்குப் போடுகிறார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இயல்பாகவே கையில் இருக்கிற ‘எனக்கு’ என்ற சாவியைப் பிடுங்கிக்கொண்டு, ஆங்கிலப் பூட்டைக் கொடுத்துத் திறக்கச் சொல்வது போல இருக்கிறது இது.

இதன் விளைவு என்ன? கடையில் நின்று ‘மைம் பானீ சாஹ்தா ஹூம்’ என்கிறது பிள்ளை. கேட்பவருக்குப் புரியும், கோபமும் வராது. ஆனால் கடையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ‘நான் தண்ணீரை விரும்புகிறேன்’ என்று நம் ஊர் டீக்கடையில் ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் அது. மேலும் சாஹ்னா என்ற வினைக்கு ஒருவரை நேசிப்பது என்ற பொருளும் உண்டு.

பெண்களுக்கு இதில் கூடுதல் சங்கடம். நூல்களில் எல்லாம் ‘சாஹ்தா ஹூம்’ என்ற ஆண்பால் வடிவமே பெரிதாக இருக்கும். பெண் பேசினால் ‘சாஹ்தீ ஹூம்’ என்று வர வேண்டும். புதிதாகக் கல்யாணமாகி வடக்கே போன நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் ‘சாஹ்தா ஹூம்’ என்று சொல்லி அக்கம்பக்கத்தார் சிரிப்புக்கு ஆளாகியிருப்பார்கள்! ‘முஜே சாஹியே’ என்று தொடங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே பேசுகிறவர் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழுவதில்லை. கேட்கிற பொருளின் பால்தான் கணக்கில் வரும், அதுவும் இறந்தகாலத்தில்தான் பளிச்சென்று தெரியும். தேநீர் பெண்பால் என்பதால் ‘முஜே சாய் சாஹியே தீ’. பணம் பன்மையில் வருவதால் ‘முஜே பைஸே சாஹியே தே’.

இரண்டு சொற்களின் ஒரே கதை

இந்த ஒற்றுமை மேலோட்டமானதா என்றால் இல்லை. ‘வேண்டு’ என்பது தமிழில் விரும்புதல், கேட்டுக்கொள்ளுதல் என்று பொருள்படும் முழு வினை. வேண்டுகோள், வேண்டுதல், வேண்டிக்கொள் என்பவற்றில் அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. திருக்குறளின் ‘அவாவறுத்தல்’ அதிகாரத்தில் 362ஆம் குறள் இந்த வினையை மட்டும் நான்கு முறை ஆள்கிறது. விரும்புதல் என்ற பொருளும் தேவை என்ற பொருளும் அங்கே கைகோத்து நிற்கின்றன. அந்த வினையின் ‘வேண்டும்’ என்ற வடிவம்தான் நாளடைவில் ‘தேவை’ என்று உறைந்துவிட்டது.

இந்தியிலும் அதே கதை. சாஹ்னா என்றால் விரும்புதல். அதன் பழைய செயப்பாட்டு வடிவமே சாஹியே. ‘விரும்பப்படுகிறது’ என்பது அதன் பழம்பொருள். அதுவும் ‘தேவை’ என்று உறைந்துவிட்டது. இரண்டு வேறு மொழிக் குடும்பங்கள், வேறு வேர்கள். ஆனால் நடந்து வந்த பாதை ஒன்று.

நம்மவர்கள் பரவி வாழும் பிற இடங்களையும் பார்ப்போம்:

கன்னடம்: நனகெ நீரு பேக்கு
தெலுங்கு: நாக்கு நீள்ளு காவாலி
மராத்தி: மலா பாணீ பாஹிஜே
குஜராத்தி: மனே பாணீ ஜோயியே
சிங்களம்: மட்ட வத்துர ஓன

எல்லாவற்றிலும் ஆள் ‘எனக்கு’ என்றுதான் வருகிறார். கன்னடத்தின் ‘பேக்கு’ நம் ‘வேண்டும்’ என்பதன் உறவே. மராத்தி, குஜராத்திச் சொற்கள் பார்த்தல் என்ற வினையிலிருந்து வந்தவை. மும்பையில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இந்தப் பட்டியல் ஒன்று போதும். மராத்தியும் இந்தியும் பாதி பயம் விலகிவிடும்.

மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த அதே 1956-இல்தான் எம்.பி. எமனோ என்ற மொழியியல் அறிஞர் ‘இந்தியா ஒரு மொழிப் பரப்பு’ என்ற கருத்தை முன்வைத்து ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். வெவ்வேறு குடும்ப மொழிகள் நெடுங்காலம் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்து ஒன்றின் சாயலை மற்றொன்று பெற்றிருக்கின்றன என்பது அவர் முடிவு. காலின் மசிக்கா 1976-இல் வெளியிட்ட நூல் இந்த ‘எனக்கு’ அமைப்பையே அப்படிப்பட்ட பொதுச் சாயல்களில் ஒன்றாக எடுத்து ஆராய்ந்தது. மணீந்திர வர்மா, கே.பி. மோகனன் ஆகியோர் தொகுத்து 1990-இல் வந்த பெரிய நூல் முழுவதும் இதைப் பற்றியதே. அறிஞர்கள் இவ்வளவு சொல்லியும் நம் பிள்ளைகளின் பாடநூலுக்குள் அது இறங்கி வரவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தமிழின் ‘கு’ உருபும் இந்தியின் ‘கோ’ உருபும் ஒன்றுதான் என்று மேடைகளில் சிலர் முழங்குவார்கள். பிற்கால மொழியியலார் பெரும்பாலும் ‘கோ’ வடமொழிச் சொல் ஒன்றிலிருந்து தேய்ந்து வந்ததாகவே கொள்கிறார்கள். நினைவில் வைத்துக்கொள்ள ‘எனக்கு – முஜ்கோ’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம், தவறில்லை. வரலாறு என்று சொல்ல வேண்டாம்.

இரண்டாம் குறை: ஒற்றுமை முடியும் இடம்

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதுவரை சொன்னது பொருளைக் கேட்பது பற்றி. ஒரு செயலை வேண்டும்போது, அதாவது ‘போக வேண்டும்’, ‘பார்க்க வேண்டும்’ என்னும்போது, கதை மாறிவிடுகிறது. இங்கேதான் நூல்கள் செய்யும் பெரிய தவறு இருக்கிறது. ‘வேண்டும் என்றால் சாஹியே’ என்று ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகின்றன.

எங்கள் பக்கத்துப் பேச்சில் இரண்டு விதமாகச் சொல்வோம். “எனக்கு ஊருக்குப் போணும்” என்றால் ஆசை. “நான் ஊருக்குப் போணும்” என்றால் கடமை, போயே ஆக வேண்டும். மலையாளத்திலும் அப்படியே: ‘எனிக்கு போகணம்’ ஆசை, ‘ஞான் போகணம்’ கடமை. ஆள் ‘எனக்கு’ என்று வருகிறாரா, ‘நான்’ என்று வருகிறாரா என்பதை வைத்தே பொருள் பிரிகிறது.

இந்தியில் இது தலைகீழ். டாக்டரிடம் போவதையே எடுத்துக்கொள்வோம்:

1. மைம் டாக்டர் கே பாஸ் ஜானா சாஹ்தா ஹூம் – போக ஆசைப்படுகிறேன், விரும்புகிறேன்.
2. முஜே டாக்டர் கே பாஸ் ஜானா ஹை – போக வேண்டியிருக்கிறது, போகப் போகிறேன்.
3. முஜே டாக்டர் கே பாஸ் ஜானா சாஹியே – போவதுதான் முறை, போவது நல்லது.
4. முஜே டாக்டர் கே பாஸ் ஜானா படேகா – போயே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

கவனியுங்கள். ஆசை என்றால் ‘மைம்’, அதாவது நான். கடமை, கட்டாயம் என்றால் ‘முஜே’, அதாவது எனக்கு. நாம் ‘எனக்கு’ போடுகிற இடத்தில் அவர்கள் ‘நான்’ போடுகிறார்கள். நாம் ‘நான்’ போடுகிற இடத்தில் ‘எனக்கு’. நம் பழக்கத்தை அப்படியே கொண்டுபோனால் ஆசை கடமையாகும், கடமை ஆசையாகும். ஆங்கிலம் வழியாகப் போனாலும் இந்த வலையிலிருந்து தப்பிக்க முடியாது.

இதில் இரண்டாவது அமைப்பு மிகப் பயனுள்ளது. ஆசைக்கும் கடமைக்கும் நடுவில் நிற்பது. பேச்சில் ஆசை என்ற பொருளிலும் தாராளமாக வரும். சந்தேகம் வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: செயலுக்குரிய பொருள் பெண்பாலானால் வினையும் மாறும். மருந்து பெண்பால், எனவே ‘முஜே தவா லேனீ ஹை’. டிக்கெட் ஆண்பால், எனவே ‘முஜே டிக்கெட் லேனா ஹை’.

நான்காவதில் ‘படேகா’ என்பது விழுதல் என்ற வினை. கட்டாயம் நம் தலைமேல் விழுகிறது. தமிழிலும் ‘போக வேண்டி வந்தது’ என்கிறோம். நமக்குக் கட்டாயம் வருகிறது, அவர்களுக்கு விழுகிறது. ‘வேண்டி வந்தது’ என்றால் ‘ஜானா படா’ என்று பிள்ளைகளுக்கு ஒரு முறை சொன்னால் போதும், மறக்க மாட்டார்கள்.

நான் கொடுத்த விலை

இந்த நான்கு வாக்கியங்களை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1978-இல் நான் வடக்கே ஒரு தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பள்ளிக்கூட இந்தியும், மேலே சொன்ன மாதிரியான ஒரு சிறு நூலும்தான் என் கையிருப்பு. ஊரிலிருந்து ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது. அப்பாவுக்கு நெஞ்சுவலி, மிகவும் தளர்ந்துவிட்டார், உடனே புறப்பட்டு வா என்று அம்மா எழுதச் சொல்லி எழுதிய கடிதம். தமிழில் இருந்த அதை அங்கே யாருக்கும் காட்டிப் பயனில்லை.

மேலதிகாரியிடம் போய் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவர் நல்ல மனிதர். தலையை நிமிர்த்தி, “ஜானா சாஹ்தே ஹோ, யா ஜானா ஹீ படேகா?” என்று கேட்டார். போக விரும்புகிறாயா, இல்லை போயே ஆக வேண்டுமா என்பது கேள்வி. எனக்கு ‘ஜானா’ மட்டும் காதில் விழுந்தது. மனதுக்குள் தமிழில் ‘நான் போணும், போயே ஆகணும்’ என்று இருந்தது. ‘நான்’ என்றால் மைம். நூலில் மனப்பாடம் செய்த வாக்கியம் வாயில் வந்தது: “ஜீ, மைம் ஜானா சாஹ்தா ஹூம்.”

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். மாத முடிவில் சரக்குக் கணக்கெடுப்பு இருந்தது. அது முடிந்ததும் போகலாம் என்றார். அவர் பேசியதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. லீவு கிடைத்துவிட்டது என்று மட்டும் நினைத்தேன். ஐந்தாம் நாள் தந்தி வந்தது. அப்பா போய்விட்டார். அந்தக் காலத்தில் அங்கிருந்து திருவனந்தபுரம் வர மூன்று நாள். பாறசாலை வழியாக நாகர்கோவிலுக்கு ரயில் விட்டதே 1979-இல்தான். திருவனந்தபுரத்தில் இறங்கி பஸ் பிடித்துத்தான் பூவார் வர வேண்டும். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

தந்தியைப் பார்த்த அன்று அந்த அதிகாரி என்னிடம் கேட்டார், “தும்னே தோ கஹா தா, ஜானா சாஹ்தா ஹூம். படேகா க்யோம் நஹீம் கஹா?” போக விரும்புகிறேன் என்றுதானே சொன்னாய், போயே ஆக வேண்டும் என்று ஏன் சொல்லவில்லை? அவர் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. நான் சொன்னதைத்தான் அவர் கேட்டார். ‘படேகா’ என்ற சொல்லை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் உண்மை.

அதற்குப் பிறகு முறையாக இலக்கணம் கற்றேன். கற்றவற்றில் ஒன்று, ‘முஜே ஜானா சாஹியே தா’. நான் போயிருக்க வேண்டும், ஆனால் போகவில்லை என்பது அதன் பொருள். ‘முஜே ஜானா தா’ என்றால் போக வேண்டியிருந்தது. போனேனா இல்லையா என்பதைச் சொல்வதில்லை. ‘முஜே ஜானா படா’ என்றால் போக வேண்டி வந்தது, போனேன். இந்த மூன்றையும் நம் நூல்கள் எங்காவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகின்றனவா என்று தேடிப் பார்த்திருக்கிறேன். என் கண்ணில் பட்டதில்லை.

மூன்றாம் குறை: ‘வேண்டாம்’

கேட்பதைச் சொல்லித் தருகிற நூல்கள் மறுப்பதைச் சொல்லித் தருவதில்லை. தமிழில் ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல் பல வேலை செய்கிறது. அந்த வேலைகளை இந்தி பிரித்துக் கொடுத்திருக்கிறது.

‘எனக்கு டீ வேண்டாம்’ – முஜே சாய் நஹீம் சாஹியே.
‘எனக்குப் போக வேண்டாம்’ – முஜே நஹீம் ஜானா.
‘நீ போக வேண்டாம்’ – மத் ஜாஓ.
‘போக வேண்டியதில்லை’ – ஜானே கீ ஜரூரத் நஹீம்.
‘போகக்கூடாது’ – நஹீம் ஜானா சாஹியே.

இதில் நான்காவதும் ஐந்தாவதும் குழம்பினால் ஆபத்து. ‘இந்த மருந்தைச் சாப்பிட வேண்டியதில்லை’ என்பதற்கும் ‘சாப்பிடக்கூடாது’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் சிறியதல்ல. ஆஸ்பத்திரியில் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பிள்ளைகள்தான் மொழிபெயர்க்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

‘ஜரூரத்’ என்ற சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘முஜே பைஸே சாஹியே’ என்றால் எனக்குப் பணம் வேண்டும். ‘முஜே பைஸோம் கீ ஜரூரத் ஹை’ என்றால் எனக்குப் பணத் தேவை இருக்கிறது. முதலாவது கடைக்காரரிடம் பாக்கி கேட்பது போல. இரண்டாவது நண்பரிடம் கஷ்டத்தைச் சொல்வது போல. கடன் கேட்கப் போகிறவர் எதைச் சொல்ல வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

சில மறுப்புகள்

இக்கருத்துகளை நண்பர்களிடம் சொன்னபோது எழுந்த மறுப்புகளுக்கும் விடை சொல்ல வேண்டும்.

முதலாவது, இன்றைய பிள்ளைகள் ஆங்கில வழியில்தானே படிக்கிறார்கள், ஆங்கிலம் வழியாகச் சொல்லித் தருவதுதானே எளிது என்பது. பிள்ளை பாடத்தை ஆங்கிலத்தில் படிக்கலாம். பசி வந்தால் எந்த மொழியில் கேட்கிறது? “அம்மா, எனக்கு வேணும்” என்றுதான். வேண்டுதலின் மொழி வீட்டு மொழி. அங்கிருந்து தொடங்குவதே எளிது.

இரண்டாவது, இந்திப் பிரசார அமைப்புகளின் உழைப்பை நான் குறைத்துப் பேசுகிறேன் என்பது. இல்லை. 1918-இல் காந்தியடிகள் முயற்சியால் சென்னையில் தொடங்கிய தட்சிண பாரத இந்தி பிரசார சபையும், 1934-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய கேரள இந்தி பிரசார சபையும் எத்தனையோ பேருக்கு எழுத்தறிவித்தன. தன் மகன் தேவதாஸையே காந்தி முதல் ஆசிரியராகச் சென்னைக்கு அனுப்பினார். அந்த உழைப்பை வணங்குகிறேன். என் குறை, கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கிற, அவசரத்துக்கு நாம் வாங்கிப் புரட்டுகிற சிறு நூல்கள் பற்றியது. ஏழை வீட்டுப் பிள்ளை ரயிலேறும் முன் வாங்குவது அதைத்தான்.

மூன்றாவது, தமிழன் ஏன் இந்தி கற்க வேண்டும் என்ற கேள்வி. 1938-லும் 1965-லும் தமிழகத்தில் நடந்த போராட்டங்களின் நியாயத்தை நான் அறிவேன். திணிப்பு வேறு, பிழைப்புக்காகக் கற்பது வேறு. இந்தி வேண்டுமா வேண்டாமா என்று நாம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசியிருக்கிறோம். ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்பதை இந்தியில் சரியாகச் சொல்வது எப்படி என்பதைப் பேசியது குறைவு. வெளியூருக்குப் போகிறவனுக்கு இரண்டாவது பேச்சும் தேவை.

என்ன செய்யலாம்?

நூல் எழுதுகிறவர்களுக்கும் சங்கங்கள் நடத்தும் வகுப்புகளுக்கும் என் யோசனைகள் நான்கு.

1. முதல் பாடமே ‘எனக்கு – முஜே’ என்று இருக்கட்டும். ஆங்கிலப் பத்தி வேண்டாம்.
2. பொருளைக் கேட்பதையும் செயலை வேண்டுவதையும் தனித்தனிப் பாடமாக்க வேண்டும். நம் பேச்சில் ‘நான் / எனக்கு’ என்று பிரிவது இந்தியில் தலைகீழாக வருவதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.
3. ‘சாஹ்தா, ஹை, சாஹியே, படேகா’ நான்கையும் ஒரே பக்கத்தில், ஒரே செயலை வைத்துக் காட்ட வேண்டும்.
4. ‘வேண்டாம்’ என்பதற்குத் தனிப் பாடம் வேண்டும். பெண்பால் வடிவங்கள் ஆண்பாலுக்குச் சமமாக அச்சிடப்பட வேண்டும்.

முடிவுரை

இன்று பூவாரில் பொழிமுகம் பார்க்க வடநாட்டுப் பயணிகள் நிறைய வருகிறார்கள். படகோட்டிகள் கரையில் நின்று “போட் சாஹியே? பொழி தேக்னா ஹை?” என்று கூப்பிடுகிறார்கள். படகு வேண்டுமா, பொழி பார்க்கணுமா என்பது கேள்வி. பொருளுக்கு ‘சாஹியே’, செயலுக்கு ‘ஹை’. ஒரு பிழை கிடையாது. அவர்கள் எந்த நூலையும் படித்தவர்கள் அல்லர். காதால் கேட்டுப் பிடித்துக்கொண்டார்கள். மறுபக்கம், ஹோட்டல்களிலும் கட்டட வேலையிலும் இருக்கிற வடநாட்டுத் தொழிலாளிகள் வந்த சில வாரங்களிலேயே “எனிக்கு வெள்ளம் வேணம்” என்று தெளிவாகக் கேட்கிறார்கள். அவர்கள் மொழியின் எலும்பும் அதுதானே.

அந்தப் பையன்களில் சிலர் ஊருக்குப் போக லீவு கேட்கத் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆசைக்கும் கட்டாயத்துக்கும் நம் பேச்சில் உள்ள பிரிவு அவர்களுக்குத் தெரியாது. முதலாளியிடம் “எனிக்கு போகணம்” என்று ஆசையைச் சொல்வது போலச் சொல்லி நிற்பார்கள். பக்கத்தில் நான் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன்: “ஜானா சாஹ்தே ஹோ, யா ஜானா ஹீ படேகா?” ‘படேகா’ என்று பதில் வந்தால், முதலாளியிடம் நானே சொல்லிவிடுவேன், “அவன் போயே ஆகணும், அனுப்புங்க” என்று.

இம்மலரைப் படிக்கும் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு மேலே உள்ள நான்கு வாக்கியங்களையாவது சொல்லித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதை இந்தியில் சொல்வதானால் ‘சாஹியே’ போட்டுத்தான் சொல்வேன்.